படகு திரும்பிய இடம்

கம்பெனிக்காரர்கள் அவரை முதன்முதலில் "கேப்டன்" என்று கூப்பிட்ட அன்றே பாதிக் காரியம் முடிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகத் துறைமுகத்தில் படகு ஓட்டும் அவருக்குப் பெயரே "படகு". படகு வந்தாச்சா, படகு சாப்பிடப் போயிருக்கு, படகுக்குக் காய்ச்சலாம். இப்படி அஃறிணையாகவே காலம் தள்ளிய மனுஷனை ஒரே நாளில் கேப்டன் ஆக்கினால் என்ன ஆகும்? அவருக்குத் தலைகால் புரியவில்லை.

விஷயம் இதுதான். கோட்டை மதிலுக்கு உள்ளே, பழைய சுங்கக் கிடங்கு இடிந்து கிடந்த மனையில், ஏழு மாடி ஓட்டல் கட்ட ஒரு கம்பெனி வந்திருந்தது. ஏழு மாடிக்கு ஒருமுறை வழிவிட்டால் அடுத்தவன் பத்து மாடியோடு வந்து நிற்பான், பிறகு கோட்டை என்பது நாலு ஓட்டலுக்குச் சுற்றுச்சுவர் ஆகிவிடும். தடுப்பதற்கு இருந்தது ஒரே ஒரு பழைய விதி. கடலிலிருந்து பார்த்தால் மதிலுக்கு மேலே புதுக் கட்டடம் எதுவும் தலைகாட்டக் கூடாது. சரி, கடலில் எந்த இடத்திலிருந்து? விதி எழுதிய புண்ணியவான் அங்கேதான் ரொம்ப யோசித்திருக்கிறார். அதிகாரி காட்டும் இடம் என்றால் அதிகாரியை வளைத்துவிடுவார்கள். ஆகவே, பார்வையிடப் போகும் படகைப் படகோட்டி தன் விருப்பப்படி எங்கே கரை நோக்கித் திருப்புகிறாரோ அந்த இடத்திலிருந்து, என்று எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். படகோட்டியையும் வளைக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மதிலுக்குப் பக்கத்தில் நின்றால் மதிலைத் தவிர ஒன்றும் தெரியாது. தள்ளிப் போகப் போகத்தான் பின்னால் இருப்பது எட்டிப் பார்க்கும். கம்பெனி எஞ்சினியர் கேப்டனிடம் கேட்டுக்கொண்டதும் அவ்வளவுதான்: துறைமுக வாயைத் தாண்டாமல் உள்ளேயே படகைத் திருப்பிவிட வேண்டும். ஓட்டல் வந்ததும் அதன் புதுப் படகுகளுக்கெல்லாம் இவர்தான் தலைவர். அச்சாரமாக, தங்க நிறப் பட்டை வைத்த வெள்ளைத் தொப்பி ஒன்றும் கைக்கு வந்தது. பேராசை பிடித்தவர் என்று அவரைச் சட்டென்று சொல்லிவிடக் கூடாது. அவருடைய படகின் எஞ்சின் இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயம் கொஞ்ச நாளாகவே அவருக்கு இருந்தது.

சிக்கல் வீட்டுக்குள் இருந்தது. பார்வையிட்டு அறிக்கை எழுத வேண்டிய நகராட்சி சர்வேயர், கேப்டனின் மனைவியேதான். மாற்றலாம் என்றால், ஆள் ஏற்ற உரிமம் உள்ள படகு ஊரில் அது ஒன்றுதான், கோட்டைப் பிரிவில் சர்வேயரும் அந்த அம்மாள் ஒருவர்தான்.

பதினெட்டு வருஷமாக அளவு நாடாவும் கையுமாகக் கோட்டைக்குள் சுற்றியவர் அவர். எந்த வீட்டு மாடம் எத்தனை விரற்கடை கோணல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். யாராவது பழைய மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு அலுமினியம் வைத்தால் மறுநாள் காலை வாசலில் அம்மாள் நிற்பார். இந்த ஓட்டலுக்குக் கையெழுத்துப் போடுவதற்குப் பதில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன் என்று அலுவலகத்தில் எல்லார் காதும் கேட்கச் சொல்லியிருந்தார். ஆனால் கடல் மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கல்யாணமான புதிதில் புருஷன் ஆசை ஆசையாகப் படகில் கூட்டிப் போனபோது, துறைமுக வாயைத் தாண்டியதுமே குடலே வெளியே வந்துவிடும்போல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் அந்த வாயைத் தாண்டியதே இல்லை. இந்தக் கதை கம்பெனிக்கும் எட்டியிருந்ததால், தாண்டிப் போ என்று அந்த அம்மாள் வற்புறுத்த மாட்டார் என்று அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

பார்வையிடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கேப்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒரு பாட்டம் சண்டை உண்டு என்று கேப்டன் எதிர்ப்பேச்சுகளை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தார்.

"எடுப்பாத்தான் இருக்கு," என்றார் மனைவி. அதோடு சரி. கேப்டனுக்குச் சப்பென்று போய்விட்டது.

மறுநாள் காலை, மனையில் கிரேனை நிறுத்தி, ஏழாவது மாடி எந்த உயரத்தில் முடியுமோ அந்த உயரத்தில் ஒரு பெரிய சிவப்புத் துணியைத் தொங்கவிட்டார்கள். எஞ்சினியர் பளபளவென்று ஷூவும் கறுப்புக் கண்ணாடியுமாகப் படகில் ஏறினார். அம்மாள் கேமராவும் ஒரு துணிப்பையுமாக ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். படகு துறைமுக வாயை நெருங்கியது. திரும்பிப் பார்த்தால் மதில் மலைபோல் நின்றது, சிவப்புத் துணியைக் காணவே காணோம். கேப்டன் சுக்கானில் கையை வைத்தார்.

அப்போதுதான் அம்மாள் எஞ்சினியரைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"சார், இவர் இங்கேயே திருப்பிக்கட்டும். முன்ன மாதிரி இவரால வெளிக்கடல்ல ஓட்ட முடியறதில்ல. வயசாகுது, படகும் பழசு. நாம வற்புறுத்தக் கூடாது."

குரலில் அப்படி ஒரு கரிசனம். எஞ்சினியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தான் வேண்டியதை அந்த அம்மாளே எடுத்துக் கொடுக்கும்போது சும்மா இருந்திருக்கலாம். மனுஷனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அதுக்கென்ன மேடம், பாவம். ஓட்டல் வந்ததும் வெளிக்கடலுக்குச் சின்ன வயசுப் பசங்களைப் போட்டுக்கலாம். சாருக்குக் கரையிலேயே எதாவது பார்த்துக் குடுத்துடுவோம். வாசல்ல தொப்பி போட்டுக்கிட்டு நின்னா போதும்."

கேப்டனின் காது மடல் சிவந்தது. வாசலில் நிற்பதற்கா இத்தனையும்? யாருக்கு வயசாகிறது? புயல் எச்சரிக்கைக் கொடி ஏறிய பிறகும் ஆளைக் கரை சேர்த்தவனைப் பார்த்தா பாவம் என்கிறான்? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சுக்கானைத் திருப்பப் போன கை எஞ்சின் வேகத்தைக் கூட்டியது.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க," என்றார்.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் கடல் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எஞ்சினியர் முதலில் சிரித்தார். அப்புறம் கேப்டன் கேப்டன் என்று கூப்பிட்டார். அப்புறம் படகை நிறுத்துய்யா என்றார். அப்புறம் பேச்சே வரவில்லை. அம்மாள் துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, நாசூக்காக அந்தப் பக்கம் திரும்பி வாந்தி எடுத்து, முடிச்சுப் போட்டுக் காலடியில் வைத்தார். சற்று நேரத்தில் இரண்டாவது. பிறகு மூன்றாவது. எஞ்சினியர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாலேயே கெஞ்சினார். கழுவி விட்ட படகு பாழாகிவிடுமே என்று பதறிப்போன கேப்டன், கைக்கு அகப்பட்டதை நீட்டினார். அகப்பட்டது அவர் தலையில் இருந்த தொப்பி. தங்கப் பட்டை உட்பட அது நிறைந்தது.

வெளிப்பாறை வந்ததும் கை தானாகவே சுக்கானைத் திருப்பியது. தினமும் அவர் கரை நோக்கித் திரும்பும் இடம் அதுதான். கோட்டை வாசலையும் அதற்குப் பின்னால் மணிக்கூண்டையும் ஒரே நேராகப் பிடித்துக்கொண்டு வந்தால் இரண்டு பக்கப் பாறைக்கும் நடுவே படகு பத்திரமாக உள்ளே போகும். கொஞ்சம் பிசகினாலும் அடி பெயர்ந்துவிடும்.

கேப்டன் வாசலைப் பார்த்தார். மணிக்கூண்டைத் தேடினார். மதிலுக்கு மேலே, கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில், சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பகீர் என்றது. அந்த மனையின் வரைபடத்தை எஞ்சினியர் நாலு தடவை காட்டியிருக்கிறார். காகிதத்தில் அது வெறும் ஒரு கட்டம். அந்தக் கட்டம் எழும்பி நின்று எதை மறைக்கும் என்று இந்த மடையனுக்கு உறைக்கவே இல்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார். இன்று ஒரு துணி. நாளைக்கு அதன் கீழே ஏழு மாடிச் சுவர். மழை நாளில் எதைப் பார்த்து வீட்டுக்கு வருவது? அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மனைவி படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு படிவத்தை எடுத்து நீட்டினார். படகைத் திருப்பிய இடம் என்ற வரியில் படகோட்டிதான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எஞ்சினியர் தொப்பியிலிருந்து முகத்தை எடுத்து, துறைமுக வாய்க்கு உள்ளேயே திருப்பியதாக எழுதிவிட்டால் தலைவர் பதவி நிச்சயம் என்று முனகினார். அம்மாள் பேனாவை நீட்டினார். புருஷனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் 'வெளிப்பாறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இங்கதான் திருப்பினேன் சார். இனிமேலும் இங்கதான் திருப்புவேன்."

சாயங்காலம் அம்மாள் முகமெல்லாம் வெளுத்துக் கட்டிலில் படுத்திருந்தார். அறிக்கை மேஜைமேல் தயாராக இருந்தது. கேப்டன் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைவர் பதவி போயிற்று, எஞ்சின் இருமல் அப்படியேதான் இருந்தது. ஆனால் மனசு லேசாக இருந்தது. ஒரு சந்தேகம்தான் காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, உள்ளேயே திரும்பிடலாம்னு நீதானே சொன்னே. உள்ளே நிக்கறதுக்கு எதுக்கு மூணு கவர்?"

"மூணு இல்ல, நாலு," என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமல். "ஒண்ணு எஞ்சினியருக்கு."

கேப்டன் துணிப்பையைத் திறந்து பார்த்தார். நாலாவது கவர் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இதை ஏன் அந்த ஆளுக்குக் கொடுக்கல?"

"எடுக்கத்தான் போனேன். அதுக்குள்ள நீங்க தொப்பியைக் கழட்டிட்டீங்க. நல்ல காரியம் பண்றப்ப நடுவுல எதுக்குப் போகணும்னு விட்டுட்டேன்."