சம்பந்தியம்மாவின் பன்னிரண்டாம் அத்தியாயம்

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவர் என்பதால் அவருக்கு ஊசியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. காலை பஸ்ஸில் காதல் நாவல், மாலை பஸ்ஸில் புதிதாக வந்த குடும்பக் கதை. முடித்த கையோடு போனில் நாலு வரி எழுதிப் போட்டுவிடுவார். "நாயகி மூன்று அத்தியாயத்துக்கு ஒருமுறை மழையில் நனைகிறாள். ஒருநாளாவது மூக்கு ஒழுக வேண்டாமா?" "இந்தக் காலத்துக் கதைகளில் எல்லாரும் ஜன்னல் பக்கம் நின்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்த ஜன்னலைத் துடைப்பது யார் என்று எழுதினால் தேவலை."

ஒரே ஒருவருடைய புத்தகங்களைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விட்டதில்லை. மகளின் மாமியார் பதினேழு காதல் நாவல்கள் எழுதியவர்.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் ஊசியக்கா இரண்டு மாத லீவில் சம்பந்தி வீட்டுக்கு வந்தார். இரண்டு அறை, ஒரு கூடம், ஏழாவது மாடி. மதியம் மூன்று மணிக்கு மகள் குளிக்கப் போவாள். குழந்தை ஊசியக்காவின் மடியில் தூங்கும். அசைந்தால் விழித்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, புது நாவலில் ஓர் அத்தியாயம் வாசிப்பார். எழுந்து போக வழியில்லை.

"எப்படி இருக்கு சம்பந்தி? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

"நல்லா இருக்கு."

மனதில் பட்டதைச் சொன்னால் மகள் அல்லவா இந்த வீட்டில் காலம் தள்ள வேண்டும்? பதினோரு நாள், பதினோரு "நல்லா இருக்கு". ஒவ்வொன்றும் தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை போலத் தொண்டையில் நின்றது.

பன்னிரண்டாம் நாள் வாசித்த அத்தியாயத்தில் நாயகி கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். குழந்தை பிறந்ததும் கணவன் அவளைக் கேட்காமல் அவள் போனிலிருந்தே அவளுடைய ராஜினாமாக் கடிதத்தை அனுப்பிவிடுகிறான். அவள் குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, அழுவது வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிடுகிறாள். மாலையில் அவன் குழந்தைக்குக் குட்டி ஷூ வாங்கி வருகிறான். 'இந்தச் சந்தோஷத்தைவிட வேலை பெரிதா' என்று அவள் சிரிக்கிறாள்.

ஊசியக்காவின் மகளுக்கும் அதே வேலை. 'இன்னும் ஆறு மாசம் லீவு இருக்கு' என்றல்லவா சொல்லியிருந்தாள்? கூடத்தின் கோடியில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அரைமணி நேரமாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி, இது நீங்களா யோசிச்சதா?"

"கதைன்னா அங்கங்க பாத்தது கேட்டதுதானே."

"அந்த லெட்டர்?"

சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் நல்லதுக்குத்தான் செஞ்சான்."

அவன் என்று அவர் சொன்னது கதையில் வரும் கணவனை அல்ல.

"பதினோரு நாளும் நான் சொன்னது பொய்," என்றார் ஊசியக்கா. "இன்னிக்கு மட்டும் நெஜமாவே நல்லா இருக்கு. அவ குழாயைத் திறக்கற வரைக்கும். அதுக்கப்புறம் ஒரு வரி நம்பற மாதிரி இல்ல. ஒரு ஜோடி ஷூவுக்கு எவ சிரிப்பா?"

"சிரிக்கலன்னா வாசகருங்க ஏத்துக்க மாட்டாங்க."

"நானும் வாசகிதான்."

குழந்தை விழித்து வீறிட்டது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். "கண்ணு, வெளிய வா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

தண்ணீர் நின்றது. வெளியே வந்த மகளின் தலைமுடியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"சொல்லலாம்னுதாம்மா நெனச்சேன். நீ ரெண்டு மாசம் இருந்துட்டுப் போயிடுவ. அப்புறம் நான்தானே இங்க இருக்கணும்."

"வேலைக்குப் போகணுமா உனக்கு?"

"போகணும். ஆனா லெட்டர் போயிடுச்சே."

"நீ எழுதாத லெட்டர்டீ அது."

மாலையில் வந்த மாப்பிள்ளை குரலை உயர்த்தவில்லை. "அத்தை, இது எங்களுக்குள்ள இருக்கற விஷயம். குழந்தைக்கு அம்மா பக்கத்துல வேணாமா?"

"அப்பாவும்தான் வேணும். உங்க ஆபீஸுக்கு லெட்டர் எழுதிட்டீங்களா?"

அவன் அறைக்குள் போய்விட்டான்.

மறுநாளே மகள் நேரில் போய்க் கேட்டாள். அவள் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. அடுத்த மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், அரைநாள் மட்டும் வரலாம் என்றார் மேலாளர். மாப்பிள்ளை சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தக் கூடத்துக்குள்ளேயே சுற்றி வந்தார்கள். மூன்று மணி வாசிப்பு நின்றுபோனது. மகளைப் பொல்லாப்பில் மாட்டிவிட்டோமோ என்று ஊசியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சம்பந்தியம்மா சொன்னார்: "அந்த மூணு நாளும் குழந்தையை நான் பாத்துக்கறேன். அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. மகள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த வரைபடப் பையை இறக்கினாள்.