இரண்டு பேர் கூடாரம்

சந்தோஷம் என்பது காளீஸ்வரிக்கு வயிற்றில் தங்காத சாமான். இருபது நாள் அடக்கி வைத்திருந்தாள் என்பதே பெரிய விஷயம். இருபத்தோராம் நாள் காலை பதினொரு மணிக்கு, சுரண்டை வீட்டு வாசலில் ஆம்னி வண்டியின் தலையில் கூடார மூட்டையைக் கட்டி முடித்த கையோடு, வண்டியோடு சேர்த்துத் தன்னையும் ஒரு படம் எடுத்தாள். "மூணு நாள் மலைவாசம்! நாங்க ரெண்டு பேர் மட்டும்!" என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கொடுமை என்னவென்றால், ஒரு ஈ காக்காயிடம்கூட மூச்சு விடக்கூடாது என்று புருஷனிடம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கியவளே அவள்தான்.

சத்தியம் வாங்காமல் முடியாது. புருஷன் லிங்கேஸ்வரன் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். கைவேலையில் அவனை அடிக்க ஆள் இல்லை. ஆனால் 'வேண்டாம்', 'முடியாது', 'மாட்டேன்' என்ற மூன்று சொற்களும் அவன் நாக்குக்கு வராது. அந்தப் பக்கத்து வழக்கமும் அவனுக்குத் தோதாக அமைந்துவிட்டது. சொந்தக்காரர் இருக்கிற ஊரைத் தாண்டிப் போனால் தலையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். காட்டாமல் போனவனைப் பற்றி அடுத்த மூன்று கல்யாண வீடுகளில் பேசுவார்கள். லிங்கேஸ்வரனுக்குச் சுரண்டையிலிருந்து செங்கோட்டை வரைக்கும் சொந்தம் இல்லாத ஊர் கிடையாது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தேனிலவுக்குக் குற்றாலம் போனபோது வேனில் பதினோரு பேர் இருந்தார்கள். முன் சீட்டில் லிங்கேஸ்வரனின் சித்தி, ஆய்க்குடி பார்வதியம்மாள். லாட்ஜில் இரண்டே அறை, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. புதுப்பெண் மூன்று ராத்திரியும் பார்வதியம்மாளின் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். தாலி கட்டியவனை அவள் கண்ணால் கண்டது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். அதற்கப்புறம் திருச்செந்தூர் ஆகட்டும், ஊட்டி ஆகட்டும், கும்பல் இல்லாமல் அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டது அந்தச் சித்திதான், வலிய வந்து வேனில் ஏறினாள் என்பது காளீஸ்வரியின் தீர்ப்பு. லிங்கேஸ்வரன் அந்தத் தீர்ப்புக்கு ஒரு நாளும் மறுப்புச் சொன்னதில்லை.

இந்த வருஷம் மகன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. மேக்கரையில் சங்கரநாராயணன் என்பவர் மலையடிவாரத் தோப்பில் கூடாரம் அடிக்க இடம் விடுகிறார் என்று அவளே தேடிக் கண்டுபிடித்தாள். முதல் நாள் மேக்கரை, மறுநாள் அச்சன்கோவில், அதற்கடுத்து தென்மலை என்று வழியையும் அவளே போட்டாள். மூன்றாம் மனுஷர் இல்லாமல் இவனோடு மூன்று நாள் இருக்க வேண்டும், இப்போது விட்டால் இனி முட்டிவலி வந்த பிறகுதான் என்று அவளுக்கு அப்படி ஒரு வெறி வந்திருந்தது. சங்கரநாராயணன் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லியிருந்தார். யானை இறங்குகிற இடம், ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்.

வண்டி சாம்பவர்வடகரையைத் தாண்டியது. மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. குற்றாலச் சீசன் இந்தத் தடவை ஒரு வாரம் முந்திவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வந்து காளீஸ்வரியின் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

"பாருங்களேன், மே மாசத்துல சாரக்காத்து!" என்று கத்தினாள். "இன்னும் வெரசா விடுங்க!"

"வண்டி பழசுட்டி. நீ கத்துத வேகத்துக்கு அது ஓடாது" என்றான் லிங்கேஸ்வரன். அவனுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அப்போது போன் அடித்தது. ஆய்க்குடி பார்வதியம்மாள்.

"ஏட்டி காளி! மலைக்கா போறிய? படம் பாத்தேன், நல்லாருக்கு. நம்ம ஊரு வழியாத்தானே போகணும்? நான் ரோட்டுல நிக்கேன்."

காளீஸ்வரி போனை மடியில் போட்டுவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"படமா? என்ன படம்?" என்றான் லிங்கேஸ்வரன். அவள் ஸ்டேட்டஸைக் காட்டினாள். அவனுக்கு வந்ததே ஒரு குஷி! "சத்தியம் வாங்குனது யாரு? போட்டு உடைச்சது யாரு?"

"சந்தோசத்துல சத்தியம் அயத்துப்போச்சு. நீங்க நிப்பாட்டாதிய. கண்ணை மூடிக்கிட்டு நேரா விடுங்க."

"ரோட்டுல நிக்காங்கட்டி. கண்ணை மூடிட்டு விட்டா மேலதான் ஏத்தணும்."

பார்வதியம்மாள் நின்ற தோரணையைப் பார்த்தால் பஸ்ஸே பிரேக் போடும். அறுபத்தைந்து வயது, கையில் முறுக்குத் தூக்கு, தோளில் துண்டு. கதவைத் தானே இழுத்துத் திறந்து பின்னால் ஏறிக்கொண்டாள். "ஐந்தருவியில தண்ணி விழுதாம்லா? ஒரு குளியலைப் போட்டுட்டு பஸ்ஸைப் பிடிச்சு வந்துருதேன். ஏலே லிங்கம், போவோம்."

குளியல் மட்டும்தானே, போகட்டும் என்று காளீஸ்வரி பல்லைக் கடித்தாள். ஆனால் பட்ட காலிலே படும் என்பது தென்காசியில் நிரூபணம் ஆனது. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தியவன் அவளுடைய சொந்த அண்ணன் ஆறுமுகநயினார். அவன் காரில் மதினி உமா மகேஸ்வரியும் இரண்டு பெண்பிள்ளைகளும் பையும் மூட்டையுமாக ஏறித் தயாராக இருந்தார்கள்.

"தங்கச்சி மட்டும் மலைக்குப் போவா, நாங்க இங்கன ஃபேனைப் பாத்துட்டுக் கிடக்கணுமா?" என்றான் ஆறுமுகநயினார்.

"இது உங்க பக்கத்துச் சொந்தம். இதுக்கு என்னைச் சொல்லக்கூடாது" என்று லிங்கேஸ்வரன் காதோடு சொன்னான். அவள் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

ஆனாலும் ஐந்தருவியைக் குறை சொல்ல முடியாது. வண்டியை விட்டு இறங்கும்போதே இரைச்சல் காதை அடைத்தது. எண்ணெய் மணமும் சூடான நேந்திரங்காய் சிப்ஸ் மணமும் சேர்ந்து வந்தன. பாறையில் அடித்துச் சிதறிய சாரல் ரோடு வரைக்கும் வந்து முகத்தில் விழுந்தது. பெண்கள் பக்கத்தில் காளீஸ்வரி தலையைக் கொடுத்த நொடியில், முதுகில் யாரோ நூறு பேர் சேர்ந்து தட்டுவது போல் இருந்தது. மூச்சு முட்டியது. சத்தம் போட்டுச் சிரித்தாள், அழுதாலும் யாருக்கும் கேட்டிருக்காது. மதினியும் அவளும் கையைக் கோத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்கள், மறுபடியும் போனார்கள். பார்வதியம்மாள் கம்பியைப் பிடித்தபடி அருவிக்கு முதுகைக் கொடுத்துவிட்டு, வெளியே வருவேனா என்றாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மணி நாலரை. கிளம்பினால் சரியாக இருக்கும் என்று காளீஸ்வரி கணக்குப் போட்டாள். அப்போதுதான் பார்வதியம்மாள் முறுக்கைக் கடித்தபடி ஆரம்பித்தாள்.

"உடம்பு இப்பத்தான்ட்டி உடம்பா இருக்கு. இனி ஆய்க்குடிக்குப் போயி என்னத்தைச் செய்ய? நாங்களும் மலைக்கு வாறோம்."

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றான் ஆறுமுகநயினார். தங்கையின் போனை வாங்கி, அதிலிருந்த நம்பருக்குப் பேசினான். சங்கரநாராயணனிடம் இன்னும் இரண்டு கூடாரம் சும்மா இருக்கிறதாம். தாராளமாக வாருங்கள் என்றாராம். பிள்ளைகள் இரண்டும் "கூடாரம்! கூடாரம்!" என்று குதித்தன.

எல்லோரும் லிங்கேஸ்வரனைப் பார்த்தார்கள். காளீஸ்வரியும் பார்த்தாள். இந்த ஒரு தடவை, கடவுளே, இந்த ஒரே ஒரு தடவை.

"அதுக்கென்ன, வாங்க வாங்க" என்றான் லிங்கேஸ்வரன்.

அவளுக்கு உள்ளே எதுவோ அறுந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் காதோடு காதாகப் புருஷனிடம் மட்டும் புலம்பியிருக்கிறாள். ஒரு நாளாவது இவர்களிடம் நேரே சொல்லியிருக்கிறாளா? ஈரத் தலைமுடியை அள்ளி முடிந்தாள்.

"அத்தை, நீங்க வரக்கூடாது. அண்ணே, நீயும் வரக்கூடாது. நானும் இவங்களும் மட்டும்தான் போகணும்."

சிப்ஸ் கடைக்காரர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். காளீஸ்வரியின் வாய் நிற்கவில்லை. "கல்யாணம் முடிஞ்சு இதே குற்றாலத்துக்கு வந்தப்பவும் நீங்க வலிய வந்து வேன்ல ஏறுனிய. அன்னைக்கு நான் வாயைத் திறக்கலை. இன்னைக்கு விடமாட்டேன் அத்தை."

பார்வதியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. முறுக்குத் தூக்கை மூடினாள்.

"நானா வலிய ஏறுனேன்? ஏட்டி கோட்டி! உம் புருசன் சைக்கிளை மிதிச்சுக்கிட்டு ஆய்க்குடிக்கு வந்து, 'சித்தி, நீங்க வரலைன்னா நானும் போகமாட்டேன்'னு வாசல்ல நின்னான். வேன் பிடிச்சதும் அவன்தான். எல்லாரையும் வீடு வீடாப் போயிக் கூப்பிட்டதும் அவன்தான். கேளு அவன்கிட்ட."

காளீஸ்வரி திரும்பினாள். லிங்கேஸ்வரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"இத்தனை வருசம் ஏன் அத்தை சொல்லலை?"

"நீ கேட்டியா?" என்றாள் பார்வதியம்மாள். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டாள். "பொம்பளை வாயைத் திறந்து கேட்டுட்டா. இனி என்னலே? ஆறுமுகம், வண்டியைத் திருப்பு. என்னை ஆய்க்குடியில இறக்கி விடு."

"கூடப் பொறந்தவனையே வரக்கூடாதுங்கா பாருங்க" என்று ஆறுமுகநயினார் முகத்தைத் தூக்கினான். பிள்ளைகள் அழத் தயாராயின.

"நீங்க சும்மா இருங்க. இவ கேட்டதை அடுத்த மாசம் நானும் கேக்கத்தான் போறேன்" என்றாள் மதினி. புருஷன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். மதினி அவனைக் கவனிக்காமல், சுடச்சுட ஒரு பொட்டலம் சிப்ஸை வாங்கிக் காளீஸ்வரியின் கையில் திணித்து, "ஓடு, கேட்டைப் பூட்டிருவாங்க" என்றாள்.

செங்கோட்டை வந்தது, போனது. பண்பொழியில் காளீஸ்வரி பொறுமை தீர்ந்து, "அன்னைக்கு ஏன் எல்லாரையும் கூப்பிட்டிய?" என்றாள். "வண்டி ஓட்டும்போது பேச வராதுட்டி" என்றான் அவன். அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வயலும் தென்னையும் பின்னால் ஓட ஓட, மலை கிட்டே கிட்டே வந்து கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டது. மழைத் தூறல் தொடங்கியபோது, கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டாள். கோபத்துக்காக மழையை விட மனசு வரவில்லை.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறாக எட்டு நிமிஷம். சங்கரநாராயணன் சாவியோடு நின்றிருந்தார். "ஏழு பேருன்னு சொன்னாங்களே?" என்றார்.

"ரெண்டு பேருதான்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

தூறலுக்கு நடுவே இருவருமாகக் கூடாரத்தை அடித்தார்கள். காயில் கட்டுகிற கை கயிற்றை நொடியில் முடிந்தது. ஓடை பக்கத்திலேயே சலசலத்துக்கொண்டிருந்தது. மலை மேல் இன்னும் வெளிச்சம் இருந்தது. வேலை முடிந்து, அவன் வேறு எங்கேயும் பார்க்க முடியாமல் அவள் முன்னால் நின்றான்.

"இப்ப வண்டி ஓட்டலைல்லா? சொல்லுங்க."

"பயம்ட்டி" என்றான்.

"எதுக்கு?"

"நீ டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவ. நான் பத்தாங்கிளாஸ் பெயிலு. அப்ப உங்கிட்ட மொத்தமே நாலு வார்த்தைதான் பேசியிருந்தேன். மூணு நாளு தனியா இருந்தா அஞ்சாவது வார்த்தைக்கு எங்க போவேன்? இவன் இவ்வளவுதானான்னு நீ நினைச்சிட்டின்னா? அதான் கூட்டத்தைக் கூட்டுனேன். நம்மள யாரும் தனியா விடலைன்னா நான் மாட்டிக்கிட மாட்டேன்லா. அப்புறம் அதுவே பழக்கமாப் போச்சு."

காளீஸ்வரிக்கு முதலில் அவனை ஓடையில் தள்ள வேண்டும் போல் இருந்தது. ஒரு பாவமும் அறியாத அத்தையை இருபத்திரண்டு வருஷம் திட்டித் தீர்த்திருக்கிறாள். பிறகு, ஆய்க்குடி ரோட்டில் சைக்கிளை மிதித்துப் போகிற அந்த இருபத்தாறு வயசுக்காரனை நினைத்தாள். மனசு அப்படியே இளகிவிட்டது. இவனையா இவ்வளவுதானா என்று நினைத்திருப்பாள்? லாட்ஜ் அறையில் விழித்துக்கிடந்து, நாளைக்கு இவனிடம் என்ன பேசலாம் என்று அவளும்தானே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பாவி மனுசா" என்றாள். குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. "இப்பவும் பயமா இருக்கா?"

லிங்கேஸ்வரன் கூடாரத்தைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

"லேசா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் காளீஸ்வரி. குனிந்து கூடாரத்தின் ஜிப்பை இழுத்துத் திறந்து, "வாங்க" என்றாள்.