அமைச்சருக்கு ஒரு நன்றி

"குறைமாதக் குழந்தைகள் வார்டில் மேலும் நான்கு படுக்கைகள் சேர்க்கப்படும்" என்று மகன் வாசித்தான். கையிலிருந்த நாளிதழில் அப்படி ஒரு வரியே இல்லை. மாதக் கடைசியோடு அந்த வார்டு மூடப்படுகிறது என்றுதான் அதில் போட்டிருந்தது.

தலையணையில் சாய்ந்திருந்த அம்மா முகத்தை அவன் பக்கம் திருப்பினாள். பார்வை போய் ஆறு மாதமாகிவிட்டது. இதயமும் நைந்துவிட்டது, அதிர்ச்சி தரும் எதையும் சொல்லக்கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ரேடியோ ரிப்பேருக்குப் போயிருப்பதாக மகன் சொல்லி வைத்திருந்தான். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன் அவன். மூன்று வாரமாக வீட்டில் செய்தி தயாரித்துக்கொண்டிருந்தான்.

"நாலா?"

"நாலும்மா."

"அந்தக் கல்லுளிமங்கன் மந்திரியா குடுத்தான்? மூணு வருஷமா எழுதுறேன், ஒரு பதில் கிடையாது."

"இப்பதான் மனசு எறங்கியிருக்கு போல."

அவள் முகம் அப்படித் தெளிந்து அவன் பார்த்து வெகுநாளாயிற்று.

"பேனா எடு."

"எதுக்கும்மா?"

"திட்டி எழுதத் தெரிஞ்சவளுக்கு நன்றி எழுதவும் தெரியணும்ல. எடுடா."

ஊரில் அவளுக்குத் தொட்டில் டாக்டர் என்று பெயர். முன்பெல்லாம் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளை அடுத்த நகரத்துக்கு வேனில் கொண்டுபோவார்கள்; பாதி வழியிலேயே பல குழந்தைகள் அடங்கிவிடும். இருபது வருடத்துக்கு முன்பு, ஒரு வெறும் தொட்டிலை சட்டமன்ற வாசலில் வைத்து, பக்கத்தில் பதினோரு நாள் உட்கார்ந்தாள் அம்மா. அப்படி வந்ததுதான் அந்த வார்டு. தடுப்பூசிச் சுவரொட்டிகளில் அவள் முகம் இல்லாத தெரு கிடையாது.

அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். "வார்டு விஷயத்தில் நீங்கள் எடுத்த முடிவு எனக்கு நிம்மதி தந்தது. இனி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நன்றாக இருங்கள்." அவள் விரல்களைப் பிடித்துத் தாளில் வைத்தான். கையெழுத்துப் போட்டாள். அவள் சொன்னபடி அமைச்சரின் முகவரியை எழுதி அவன் நீட்டிய உறையை அவளே எச்சில் தொட்டு ஒட்டினாள்.

பிறகு கிழித்துவிடலாம் என்று அலமாரியில், மருந்துச் சீட்டுகளுக்கு மேல் வைத்தான். அன்று மதியமே அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடிதம் மறந்துபோனது.

நான்காம் நாள், வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்த நேரத்தில், அம்மா கண் திறக்காமல் கேட்டாள்.

"வேலை ஆரம்பிச்சுட்டாங்களா?"

"ஆரம்பிச்சாச்சும்மா. சுவரை இடிக்கிறாங்க."

"தூசி பறக்குமே. பிள்ளைங்கள அந்தப் பக்கம் மாத்தச் சொல்லு."

"சொல்றேம்மா."

அவள் தலையசைத்த மாதிரி இருந்தது. அவன் போர்வையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் நகர மண்டபத்தில் உடலை வைத்தார்கள். எள் போட இடமில்லாத கூட்டம். "நான் ஒன்றரைக் கிலோவுலதான் பொறந்தேனாம்" என்று மீசை அரும்பிய பையன் ஒருவன் யாரிடமோ சொல்லி அழுதுகொண்டிருந்தான். அமைச்சர் வந்தார். மலர்வளையம் வைத்தார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார்.

மகனுக்கு அந்த உறை தெரிந்தது.

அமைச்சர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். குரல்கூடக் கொஞ்சம் கம்மியது. "வார்டை மூடுறதுல எனக்கும் வருத்தம்தான். ஆனா அதைக் கொண்டுவந்தவங்களே புரிஞ்சுக்கிட்டு வாழ்த்தியிருக்காங்க. இதைவிட எனக்கு என்ன வேணும்?" கடிதத்தைப் படம் எடுப்பவர்களின் பக்கம் உயர்த்திக் காட்டினார்.

மனைவி மகனின் காதருகே வந்தாள். "அலமாரில இருந்துச்சு. ஒட்டி வெச்சிருந்துச்சே, நீங்க மறந்துட்டீங்கன்னு மருந்து வாங்கப் போறப்ப நான்தான் தபால்ல போட்டேன். ஏன், என்ன எழுதியிருந்துச்சு?"

குடும்பத்தின் சார்பில் பேசும்படி யாரோ அவனை மேடைக்குத் தள்ளினார்கள். உண்மை இரண்டே வாக்கியம்தான்: அம்மாவுக்குத் தெரியாது, நான் பொய்யாக வாசித்தேன். முன்வரிசையில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊரே நம்பிய ஒருத்தியைச் சொந்தப் பிள்ளையே ஏமாற்றி அனுப்பிவைத்தான் என்பதை அவள் உடலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லவேண்டும்.

"வந்த எல்லாருக்கும் நன்றி" என்றான்.

அமைச்சர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அடக்கம் முடிந்து மண்டபத்தைப் பூட்ட அவன் திரும்பி வந்தபோது, வார்டின் தலைமை நர்ஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடம் அம்மாவோடு வேலை செய்தவர். போன வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்தவரை, அம்மா தூங்குகிறாள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தான். மடியில் ஒரு தாள்கட்டு. வார்டை மூடக்கூடாது என்று பக்கம் பக்கமாகக் கையெழுத்துகள். முதல் பக்கத்தில் மட்டும் முதல் வரி அம்மாவுக்காகக் காலியாக இருந்தது.

"தம்பி, அது அம்மா கையெழுத்துதானா?"

"ஆமாக்கா."

"அவங்களே சொல்லி எழுதினதா?"

"அவங்க சொன்னதுதான்."

ஒரு சொல்லும் பொய்யில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் நர்ஸ். குரலில் கோபம் இல்லை. "நாங்க அவங்கள நம்பித்தானே அத்தனை பேர்கிட்டயும் போய் நின்னோம்."

அவன் வாயைத் திறந்தான். நர்ஸ் காத்திருந்தார். வெளியே லாரியில் யாரோ பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் தாள்களை இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். அதற்குமேல் மடிய மறுத்ததை இரு உள்ளங்கைகளாலும் அழுத்தினார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு வந்த ஆள் அந்த வரிசையின் முடிவில் வந்து நின்றான். அவர் எழுந்து, தன் நாற்காலியை மடக்கி அவன் கையில் கொடுத்தார்.