காலியாக விடக் கூடாத கட்டம்

அக்கா வீட்டுக் கதவை உடைக்கிற சத்தத்தை நான் போனில் கேட்டேன். காலை பதினொன்றரை மணி. அலுவலகத்தில் பாதி குடித்த காபியோடு உட்கார்ந்திருந்தேன்.

"லாரிக்காரனை வெளிய அனுப்புன்னு கத்துறாங்கடி! கையில கம்பி வச்சிருக்காங்க. எந்த லாரிடி? உங்க அத்தானுக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராது!"

"பின்பக்கமா ஓடுக்கா!"

"அங்கயும் நிக்கிறாங்க."

எந்த லாரி என்று எனக்குத் தெரியும். அன்று காலையில் பள்ளிக்கூட வாசலில் இரண்டு பெண் பிள்ளைகளை ஏற்றிக் கொன்றுவிட்டு நிற்காமல் போன லாரி. அதன் நம்பரை யாரோ பார்த்துப் பரப்பியிருந்தார்கள்; என் போனுக்கும் வந்திருந்தது. நம்பரைத் தட்டினால் உரிமையாளரின் இடம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வரும். அந்த வண்டிப் பதிவுத் தரவை வெளியிடுவது எங்கள் அலுவலகம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாற்பது இணையதளங்கள் எங்களோடு சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருக்கின்றன. இங்கே ஒரு எண் மாறினால் ஒரு நிமிடத்தில் அங்கேயும் மாறிவிடும்.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு லாரியின் பதிவைத் திறந்தேன். முகவரி என்ற இடத்தில் ஊர் பெயர் மட்டும் இருந்தது. தெரு இல்லை, கதவு எண் இல்லை. ஆனால் அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களில் மட்டும் ஆறு தசம இடம் வரை துல்லியமான எண்கள். அவற்றைப் போட்டவள் நான்.

நான்கு வருடம் முன்பு எங்கள் ஊரில் இப்படி முகவரி இல்லாத வண்டிகள் ஒன்பதாயிரம் இருந்தன. கட்டம் காலியாக இருந்தால் வரைபடம் திணறும். "பாக்க அசிங்கமா இருக்கும்மா, எதையாவது போடு" என்று மேலாளர் என் உயிரை எடுத்தார். ஊரின் நட்டநடுப் புள்ளியைக் கணக்கிட்டு ஒன்பதாயிரத்துக்கும் அதையே போட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். அன்று அந்த இடத்தில் ஒரு பாழடைந்த கிடங்கு இருந்தது. பிறகு அதை இடித்து வீடு கட்டினார்கள். போன வருடம் அக்கா அங்கே குடிபோனாள். "ஊருக்கு நட்டநடுவுல வீடுடி" என்று அவள் பீற்றிக்கொண்டபோது நான் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டேன். திருட்டு வண்டியைத் தேடி போலீஸ் இரண்டு முறை வந்ததை அத்தான் நடித்துக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இதே வேலையில் பத்து வருடம் குப்பை கொட்டியவள். எனக்கு உறைக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போனில் கதவு பிளக்கும் சத்தம் கேட்டது. அக்கா அலறினாள். "நான் இல்லைங்க, நான் இல்லைங்க" என்று அத்தான் கெஞ்சினார். அப்புறம் அடி விழும் சத்தம். ஒவ்வொரு அடிக்கும் அவர் கத்தினார். ஐந்தாவதுக்குக் கத்தவில்லை.

"போலீஸ் கிளம்பிட்டாங்களாம்" என்றார் ஸ்பீக்கர் சத்தம் கேட்டு ஓடி வந்து போலீசைக் கூப்பிட்ட மேலாளர், தன் போனை மூடியபடி. "இருபது நிமிஷம் ஆகுமாம்."

எண்களை அழித்தேன். கட்டம் சிவந்து, பழைய எண்களே திரும்பி வந்தன. காலியாக விடக் கூடாது. அந்த விதியை எழுதியதும் நான்தான். ஏரிக்கு நடுவில் போட்டேன். புள்ளி ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் விழ வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. அதுவும் என் கைவண்ணம்தான். விதியை மாற்ற மேலிடத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.

அப்படியானால் ஒரு வீடு வேண்டும். யார் வீட்டைப் போடுவது? அங்கேயும் யாராவது ஒருத்தி கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அலறுவாள்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு இடம் எங்கள் அலுவலகம். சோதனைக்காகத் தினமும் அடிக்கும் எண்கள். அடித்தேன். கட்டம் பச்சையானது.

"எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடுங்க சார். அவங்க இங்க வராங்க."

மேலாளர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உனக்குப் பைத்தியமா? நீயும் வா."

"ஆள் இல்லன்னா திரும்பி அங்கயே போவாங்க சார்."

எல்லாரையும் கூட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். போனில் யாரோ, "டேய், புள்ளி மாறிடுச்சுடா! இங்க இல்லடா!" என்று கத்தினான். பைக்குகள் உறுமின.

பத்து நிமிடத்தில் வாசல் கண்ணாடி நொறுங்கியது. முன்னால் வந்தவர் சட்டையில் காய்ந்த ரத்தமும், கையில் ஒற்றைச் சிறிய ஷூவும் இருந்தன. செத்த பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா. மறு கையில் இருந்த கம்பியில் ரத்தம் ஈரமாக இருந்தது. அது என் அத்தானுடையது.

"எங்கடி அவன்?"

"யாருன்னு எனக்குத் தெரியாது. லாரிக்கு முகவரியே இல்லை. இடத்தைப் போட்டது நான்."

கம்பியை ஓங்கினார். அப்போது மேசையில் கிடந்த போனில் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "இப்பதான்டி ரூமை விட்டு வெளிய வந்தேன்! எல்லாரும் போயிட்டாங்க! மூச்சு இருக்குடி அவருக்கு!"

அவர் போனைப் பார்த்தார். "யாரு அது?"

"எங்க அக்கா. நீங்க அடிச்சது எங்க அத்தானை."

ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "தெரியலைன்னா, தெரியலைன்னு எழுத வேண்டியதுதானே?"

திரையை அவர் பக்கம் திருப்பி, எண்களை அழித்துக் காட்டினேன். கட்டம் சிவந்து, அதே எண்கள் திரும்பி வந்தன. அவர் அதைப் பார்த்தார். பிறகு அடித்தார்.