நாலாவது லாரி

பாலம் கட்டியவன், பாரம் ஏறும்போது அதற்கு அடியில் நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு என்று டாக்டர் தீர்த்தகிரி எங்கோ படித்திருந்தார். அவர் இதுவரை பாலம் எதையும் கட்டியதில்லை. சேலத்தில் இருந்த சாலை, மண், பால ஆய்வு நிலையத்தின் இயக்குநர் என்ற முறையில், மற்றவர்கள் கட்டிய பாலங்களுக்கு அடியில் போய் உட்காருவார். நிற்பதை உட்காருவதாக மாற்றியது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

இதற்கென்றே ஒரு பிரம்பு நாற்காலி ஜீப்பின் பின்னால் எப்போதும் இருக்கும். ஆங்கில நாளிதழ் ஒன்றும் இருக்கும். தலைக்கு மேல் லாரிகள் ஏறி நிற்க, அவர் கால்மேல் கால் போட்டு நாளிதழ் படிப்பார். போட்டோ எடுப்பார்கள். அப்படி ஆறு போட்டோக்கள் அவர் அறைச் சுவரில் தொங்கின. ஏழாவதற்கு ஆணி அடித்து வைத்தாயிற்று.

1982 பங்குனி மாதம் அந்த ஏழாவது பாலம் வாய்த்தது. நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில், திருமணிமுத்தாற்றின் குறுக்கே. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். நடுக் கண்ணின் மேல், அதாவது நடுத் தூண்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில், மணல் லாரிகள் நாலை இரண்டிரண்டாக நிறுத்தி, பாலம் எவ்வளவு வளைகிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் சோதனை.

அளக்கிற வேலை குழந்தைவேலுடையது. ராசிபுரத்துக்காரன், பி.இ. படித்தவன். மூன்று வருடமாகத் தற்காலிக உதவி ஆராய்ச்சியாளன். அவன் நிரந்தரமாவது தீர்த்தகிரியின் கையெழுத்தில் இருந்தது. கையெழுத்து அவருடைய மனநிலையில் இருந்தது. பாலத்துக்கு அடியில் சவுக்குக் கட்டைகளால் சாரம் கட்டி, அதன் உச்சியில் டயல் கேஜைப் பொருத்தியிருந்தான். கடிகாரம் மாதிரி முகம்; மேலே நீட்டிய முனை உத்தரத்தின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாலம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் முள் ஒரு சுற்றுச் சுற்றும். விரிசல் விட்டால் பளிச்சென்று தெரிவதற்காக உத்தரத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.

கணக்கு எளிது. லாரி ஐந்து டன், மணல் பத்து டன், ஆக வண்டிக்குப் பதினைந்து. ஒரு வண்டிக்குப் பாலம் இரண்டு மில்லி வளையலாம். நாலு வண்டிக்கு எட்டு. எட்டைத் தாண்டினால் சோதனையை நிறுத்திவிட வேண்டும். இதைத் தீர்த்தகிரியே முதல் நாள் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருந்தார். "எட்டு என்றால் எட்டு. எண்கள் பொய் சொல்வதில்லை!"

லாரிகளை இலவசமாகக் கொடுத்தவர் நாமக்கல் நாச்சிமுத்து. பதினோரு லாரிக்கு முதலாளி. பாலம் வந்தால் அவருடைய தோட்டத்துக்கு வழி என்பதால் அவருக்கு இது வீட்டு விசேஷம். லாரிகளின் முகப்பில் வாழைமரம் கட்டி, பாரத்தின் மேல் புதுத் தார்ப்பாய் இழுத்துக் கட்டி, வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கரையில் மூன்று ஊர் ஜனம் கூடியிருந்தது.

எடை போட்டுப் பார்க்கவில்லை. எடைமேடை சேலத்தில்தான் இருந்தது. அதனால் முதல் நாளே குழந்தைவேல் ஒவ்வொரு லாரியின் தொட்டிக்குள்ளும் சுண்ணாம்பால் கோடு கிழித்து, "இதுவரைக்கும் மணல் போட்டால் பத்து டன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். விடியக்காலை மணல் ஏற்றும்போது அவன் பாலத்துக்கு அடியில் கேஜ் மாட்டிக்கொண்டிருந்தான்.

தீர்த்தகிரி நாற்காலியில் அமர்ந்தார். மண்ணின் தாங்கும் திறன் பற்றி முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதியவர் உட்கார்ந்ததும் நாற்காலியின் ஒரு கால் மணலில் இறங்கியது. ஒரு பலகையை அடியில் கொடுத்துச் சரி செய்தார்கள். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். அவர் ஊதினால்தான் அடுத்த லாரி வரும். அதுவும் அவருடைய ஏற்பாடுதான்.

முதல் லாரி மேலே உறுமி வந்து நின்றது. முள் இரண்டு சுற்றுச் சுற்றியது. நிற்காமல் மேலும் போயிற்று.

"ரெண்டு புள்ளி ஏழு சார்."

"ரெண்டுதானே வரணும்?"

"ஆமாங்க சார்."

"கேஜைத் தட்டிப் பார்."

தட்டினான். முள் அசைந்து, திரும்ப அதே இடத்தில் நின்றது.

"புதுப் பாலம். உட்காருது. மண் கொஞ்சம் அமுங்கும், அப்புறம் சரியாயிடும்" என்று தீர்த்தகிரி இரண்டாவது விசிலை ஊதினார்.

இரண்டாவது லாரிக்கு ஐந்து புள்ளி மூன்று வந்தது. நாலு வர வேண்டிய இடம். மேலே, உத்தரம் தூணில் உட்காரும் தாங்கு தகட்டிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். தீர்த்தகிரி நாளிதழிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் போட்ட காலை எடுத்துவிட்டார்.

"சார், வண்டிக்கு ரெண்டே முக்கால் போகுது. இப்படியே போனா நாலாவதுக்குப் பத்தரையைத் தாண்டிரும்."

"மெதுவாப் பேசு. சிரிச்சுக்கிட்டே பேசு. போட்டோகிராபர் பாக்கறான்."

குழந்தைவேல் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பாலத்துக்கு என்னமோ ஆகுது சார்."

தீர்த்தகிரியும் சிரித்துக்கொண்டே மூன்றாவது விசிலை ஊதினார். ஊதாவிட்டால் கரையில் இருப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பாலம் விழுவதைவிட அது சிரமமாகப் பட்டது அவருக்கு.

மூன்றாவது லாரி வந்து நின்றது. முள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏழு. ஏழரை. எட்டில் வந்து, யோசிக்கிற மாதிரி நடுங்கி நின்றது. உத்தரத்தின் வெள்ளையில், நேராகத் தீர்த்தகிரியின் வழுக்கைக்கு மேலே, ஒரு கோடு தோன்றியது. கறுப்பு நூல் ஒன்றை ஒட்டிவைத்த மாதிரி. சுண்ணாம்புத் தூள் நாலைந்து துளி அவருடைய நாளிதழின் மேல் உதிர்ந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். எழுந்து போய்விடலாம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. குழந்தைவேலுக்குக் கால் இருந்தது. தீர்த்தகிரிக்குக் கால் இருந்தும், சுவரில் ஆறு போட்டோ இருந்தது.

கரையில் ஜனம் சீட்டியடித்தது. "நாலாவது வண்டிய உடுங்க!"

"சார், விசிலை வாயில வெக்காதீங்க. நான் மேல போய்ப் பாத்துட்டு வந்தர்றேன்."

"ஓடாதே! நீ ஓடினா கூட்டம் கலைஞ்சிடும். என்னைத் தனியா விட்டுட்டு ஓடறான்னு நினைப்பாங்க. நட."

குழந்தைவேல் நடந்தான். தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வாக்கிங் போகிறவன் மாதிரி நடப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எந்தக் கட்டுரையிலும் எழுதப்படவில்லை. வெயிலுக்கு வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பாலத்தின் தலைமாட்டில் நாலாவது லாரி எஞ்சினை அணைக்காமல் நின்றது. ஸ்டியரிங்கில் டிரைவர் சின்னான். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் நாச்சிமுத்து. குழந்தைவேல் டயரில் கால் வைத்து ஏறி, தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான். மணல் கோபுரமாகக் குவிந்திருந்தது. கையை விட்டுத் தோண்டினான். முழங்கை வரை போயும் அவன் கிழித்த கோடு வரவில்லை.

"மொதலாளி, இதுல எத்தன டன்னுங்க?"

"பதினஞ்சு இருக்குமுங்க தம்பி. ஏனுங், பத்தலீங்களா?"

"பத்துன்னுதானுங்களே கோடு போட்டுக் குடுத்தேன்!"

"கோடு போட்டீங்க, நானும் பாத்தனுங்க. கோட்டோட நிறுத்தறது வாடகைக்கு ஓட்டறவன் பண்ற வேலைங்க. ஒரு பெரிய மனுசரு மொதல் தடவையா நம்மகிட்டக் கேட்டுருக்காரு. அளந்து போட்டா நாளைக்கு என்ன பேசுவாங்க? நாச்சிமுத்து கை இழுத்துப்புடிச்சிட்டான்னு பேசமாட்டாங்களா?"

"நாலு வண்டியுமா?"

"ஒண்ணுக்கு ஒண்ணு கொறச்சா நல்லாருக்குமுங்களா?"

குழந்தைவேல் அப்படியே டயரின் மேல் நின்று கணக்குப் போட்டான். மணல் பதினைந்து, வண்டி ஐந்து. ஒன்று இருபது டன். மேலே மூன்று நிற்கின்றன. அறுபது. நாலு லாரிக்கென்று போட்ட கணக்கும் அதே அறுபதுதான். அறுபதுக்கு எட்டு மில்லி. பாலம் படித்த பிள்ளை மாதிரி சரியாக நடந்துகொண்டிருந்தது. ஏற்ற வேண்டிய பாரம் ஏறியாயிற்று. இந்த நாலாவது லாரி மட்டும் ஏறக் கூடாது. ஏறினால் எண்பது. எண்பதுக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

"மொதலாளி, இந்த வண்டி வேண்டாமுங்க. திருப்பிக்கச் சொல்லுங்க."

நாச்சிமுத்துவின் முகம் மாறியது. "என்ன சாமி பேசறீங்க? வாழமரங்கட்டுன வண்டிங்க. மூணு ஊரு பாத்துக்கிட்டு நிக்குது. மூணு வண்டி ஏறி நாலாவது திரும்பிப் போனா, அது சீக்காளி வண்டின்னு பேராயிரும். டே சின்னா, கியரப் போடுடா!"

"ஐயா விசில் ஊதுலீங்களே மொதலாளி?" என்றான் சின்னான்.

"கெடக்குது. நாம் போய் ஊதச் சொல்லிட்டு வாரேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் விறுவிறுவென்று கரையிறங்கினார். குழந்தைவேல் இப்போதும் ஓட முடியாமல் பின்னால் நடந்தான். இருவரும் சேர்ந்து பாலத்தின் நிழலுக்குள் வந்தார்கள். தீர்த்தகிரி அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

குழந்தைவேல் குனிந்து காதில் சொன்னான். பதினைந்து என்று கேட்டதும் அவர் முகம் முதலில் தெளிந்தது: பாலம் விழாது. அடுத்த நொடியே கறுத்தது. இந்த ஜில்லாவின் ரோடுகளுக்கெல்லாம் ஆயுள் கணித்துக் கொடுத்தவர் அவர்தான். எல்லாக் கணக்கும் பத்து டன் லாரியை வைத்து. நாமக்கல்லில் அப்படி ஒரு லாரியே கிடையாது என்று இந்தக் கரையில், பத்திரிகைக்காரர் முன்னால், அவர் எப்படிச் சொல்வார்?

"வேற காரணம் ஏதாவது சொல்லி அனுப்பு" என்று பல்லுக்குள் முணுமுணுத்தார். "எடையைப் பத்திப் பேசாதே."

"எதுக்குங்க ஐயா என் வண்டிய அனுப்பறது?" என்றார் நாச்சிமுத்து. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். "நீங்க ஊதலீன்னாலும் பரவால்லீங்க. நாங் கையக் காட்டுனா சின்னான் ஏத்திருவான். அப்பறம் உங்க இஷ்டம்."

நிழலுக்கு வெளியே கையை நீட்டித் தூக்கவே தூக்கிவிட்டார். மேலே எஞ்சின் உறுமல் ஏறியது. முள், காற்றுக்கு ஆடுகிற மாதிரி ஒரு இழை நகர்ந்தது. தீர்த்தகிரியின் கையில் நாளிதழ் கசங்கியது.

குழந்தைவேல் சொன்னான்: "சரிங்க மொதலாளி, ஏறட்டும். ஆனா வண்டி குடுத்தவரு நின்னுக்கிட்டிருக்கறது மரியாத இல்லீங்க. ஐயா பக்கத்துலயே உங்களுக்கும் ஒரு நாற்காலி போடறேன். ரெண்டு பேருமா ஒக்காந்து போட்டோ எடுத்துக்குங்க."

பாரத்தில் திணறிய வண்டி மேலே ஊர்ந்துதான் வந்தது; அதற்குள் ஜீப்பிலிருந்து இரும்பு மடக்கு நாற்காலி வந்தது. கரையில் கைதட்டல். நாச்சிமுத்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, சம்பந்தி வீட்டு விருந்துக்கு உட்காருகிற தோரணையில் உட்கார்ந்தார். போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினான்.

"மொகத்தக் கொஞ்சம் மேல தூக்குங்க!"

தூக்கினார். கறுப்பு நூல் கோடு தெரிந்தது.

"அதென்ன கோடுங்க தம்பி?"

"விரிசலுங்க. மயிரளவுதான்."

"எதுனாலீங்க?"

"உங்க மணலுனாலதானுங்க. மூணு வண்டி. இப்ப நாலாவது வரும்."

நாச்சிமுத்து மேலே பார்த்தார். பிறகு பக்கத்தில் பார்த்தார். தீர்த்தகிரியின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து டன் என்பது எத்தனை என்று நாச்சிமுத்துவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, அடியிலிருந்து பார்க்கும்போது, தெரிந்தது.

"சின்னா!" என்று கத்தினார். குரல் இரண்டாக உடைந்தது. "நிறுத்துடா! முன் டயரு பாலத்துல ஏறிருச்சா?"

"ஏறப் போகுதுங் மொதலாளி!"

"எடுத்துரு, பின்னால எடுத்துரு! அந்த வண்டில ஆக்சிலு சத்தம் வருதுன்னு நேத்தே சொன்னனில்ல!"

"எப்பங்க சொன்னீங்க?"

"இப்பச் சொல்றன்டா!"

லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. முள் எட்டில் நின்றது.

"அறிக்கையில என்ன எழுதட்டுங்க சார்?" என்றான் குழந்தைவேல்.

"நாலு வண்டின்னு எழுது" என்றார் தீர்த்தகிரி.

"வண்டிக்குப் பத்து டன்னு எழுதுங்க" என்றார் நாச்சிமுத்து. "ஆர்.டி.ஓ. ஆபீசுல யாராச்சும் படிச்சு வெப்பாங்க."

குழந்தைவேல் கூட்டிப் பார்த்தான். ஏறாத ஒரு வண்டியையும் ஏற்றாத ஒரு எடையையும் சேர்த்தால் சரியாக அறுபது டன் வந்தது. ஒரு பொய்யை மட்டும் எழுதினால்தான் கணக்குத் தப்பும். இரண்டையும் எழுதினால் பாலத்துக்கு நியாயம் கிடைத்துவிடும்.

இப்போது எழுந்துவிடலாம். தீர்த்தகிரி கைப்பிடியில் கை ஊன்றினார். நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை என்று கண்டு, ஊன்றிய கையை எடுத்துவிட்டார். நாச்சிமுத்துவும் அப்படியே இடுப்பை அசைத்து, பக்கத்தில் பார்த்து, அடங்கிவிட்டார். முதலில் எழுந்தவன் பயந்தவன் என்று கரையில் மூன்று ஊர் காத்திருந்தது.

அப்போதுதான் பத்திரிகைக்காரர் குனிந்து பாலத்துக்கு அடியில் வந்தார். "சார், பாரம் நாளைக்குக் காலைல வரைக்கும் மேலயே நிக்கும்னு நேத்துச் சொன்னீங்களே. அதுவரைக்கும் நீங்களும் அடியிலயேதான் இருப்பீங்களா?"

தீர்த்தகிரி அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் போட்டோகிராபர். அதற்குப் பின்னால் கரை.

"அதிலென்ன சந்தேகம்?" என்றார்.

"ஐயா இருந்தா நானும் இருக்கறனுங்க" என்றார் நாச்சிமுத்து, யாருக்கும் கேட்காத குரலில். பத்திரிகைக்காரருக்குக் கேட்டுவிட்டது. அவர் வெளியே போய்ச் சொன்னதும் ஜனம் விசிலடித்தது.

குழந்தைவேல் கேஜைத் தவிர மற்ற சாமான்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினான்.

"குழந்தைவேல்" என்று கூப்பிட்டார் தீர்த்தகிரி. மூன்று வருடத்தில் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "முள் எப்படி இருக்கு?"

"எட்டுலயே நிக்குதுங்க சார். இனி அசையாது."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன் சார்."

"இன்னொரு தடவை பாருப்பா."

"ஆமாங் தம்பி" என்றார் நாச்சிமுத்து. "கொஞ்சம் தட்டிப் பாருங்க."