மூடினால் இடம் போய்விடும்

எடை போடும் எழுத்தர் வேதகிரி, ஜெயப்பிரியாவுக்குப் போட்டது ஒரே நிபந்தனை. "பத்து மணிக்கு என் போன்ல உன் சைட்டு தொறந்தா அதுல கீற வரிசைப்படி எடை போடறேன். தொறக்கலன்னா என் இஷ்டம்."

அவர் இஷ்டம் என்னவென்று, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை அடுக்கியிருந்த எல்லோருக்கும் தெரியும். பெரிய வீட்டு டிராக்டர் கடைசியில் வந்தாலும் முதலில் எடை ஏறும். மற்றவர் நெல் வெளியே நனைந்து முளைக்கும். அதைப் பார்த்த எரிச்சலில்தான் ஜெயப்பிரியா அந்த இணையதளத்தை எழுதினாள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். வந்த வரிசைப்படி எண், பெயர், அவ்வளவுதான் அதில்.

சாயங்காலம் மழை என்று செய்தி. எட்டே முக்காலுக்கே தளம் படுத்துவிட்டது. நாற்பது பேர் பார்த்தால் தாங்கும் பக்கத்தில் அறுநூறு போன்கள். வந்தவர் எவரும் வெளியே போகவில்லை. அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஞானசுந்தரியின் போனை எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அத்தை தொறந்தே வச்சிக்கினு கீறீங்க?"

"மூடினா எடம் பூடாதா? ரேஷன் கடையில கல்லு வச்சிட்டுப் போறோமே, அது மாரி. எங்க வூட்ல மட்டும் மூணு போனு வச்சிக்கீறோம்."

பத்து நொடிக்கொரு தரம் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி எழுதியவள் ஜெயப்பிரியாவேதான். அதை எடுத்தாள். படங்களை எடுத்தாள். வெறும் எழுத்தாக்கினாள். தளம் விட்டுவிட்டுத் திறந்தது. அப்போதும் ஆட்கள் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். 'மூடினாலும் வரிசை போகாது' என்று மேலே போட்டாள். ஒருவரும் நம்பவில்லை. மணி பத்தாகப் பத்து நிமிடம் இருக்கையில் அதை அடித்துவிட்டு எழுதினாள்: 'திறந்தே வைத்திருப்பவர் எண் ரத்து.'

ஐந்து நிமிடத்தில் அறுநூறு, முப்பதானது.

பத்து மணிக்கு வேதகிரி போனில் பக்கம் திறந்தது. படித்தார். சிரித்தார்.

"தொறந்து வச்சவன் நம்பர் ரத்தாமே. அப்போ இங்க எவனுக்கும் நம்பர் இல்லியே."

"அது பொய். கூட்டத்தைக் கலைக்க எழுதினேன்."

"பொய் எழுதற சைட்டு, வரிசைய மட்டும் நெசமா எழுதிச்சா? வுடும்மா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"மொத நம்பரு சின்னராசு," என்றாள் ஞானசுந்தரி, உட்கார்ந்தபடியே. "ரெண்டு பாக்கியமேரி. மூணு நானு."

"நாலு நானு," என்றது பின்னால் ஒரு குரல். "அஞ்சு சுகுமாரு. டீ குடிக்கப் போய்க்கீறான். பேஜார் புடிச்சவன்."

காலையிலிருந்து வேறு வேலை இல்லாமல் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இருபத்தேழு வரை தடங்கலில்லாமல் வந்தது. பெரிய வீட்டு டிராக்டர் இருபத்தெட்டு என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

வேதகிரி போனைச் சட்டைப் பையில் போட்டார். "சின்னராசு, மூட்டைய எட்தா."

ஜெயப்பிரியா தளத்தைப் பார்த்தாள். பொய் என்று காதில் விழுந்ததும் ஆளாளுக்கு மறுபடி திறந்திருக்கிறார்கள். படுத்துக் கிடந்தது. எழுப்ப இருபது நிமிடம் ஆனது. எழுந்ததும் அந்த ஒரு வரியை அழித்தாள்.