கழற்றி வைத்த கடிகாரம்

என் கணவர் கென்ஸோ என்னை அடிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். கண்ணாடி கீறிவிடக் கூடாதாம். என் விலா எலும்பு உடைந்தால் பரவாயில்லை. இன்று காலையும் வைத்தார். சாதம் குழைந்துவிட்டதென்று தலைமுடியைப் பிடித்து அடுப்பு மேடையில் மோதினார். விழுந்தவளை வயிற்றில் உதைத்தார். பிறகு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "எந்திரி மிசாவோ, கவிதைக் கூட்டத்துக்கு நேரமாச்சு" என்றார்.

ஜப்பானின் பழைய தலைநகரான நாராவில், எங்கள் சாஹோ ஆற்றில் இப்போது முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. இருபுறமும் வீடுகள், சைக்கிள்கள், செர்ரி மரங்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாகியும் இந்தக் கரைப் பறவைகளைக் கவிஞர்கள் விடுவதில்லை. பழைய பாட்டொன்றைக் கல்லில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லருகேதான் எங்கள் குழு கூடும். பெயர் போடாமல் ஆளுக்கு ஐந்து வரி கொடுப்போம்; யார் கையெழுத்தும் தெரியாதபடி ஒருவர் படியெடுப்பார். அவரவருக்குப் பிடித்ததை எழுந்து வாசிக்க வேண்டும். பிறகு எழுதியவர் தன் பெயரைச் சொன்னால், வாசித்தவர் அந்தப் பெயரோடு இன்னொரு முறை வாசிப்பார். சொல்ல மனமில்லையென்றால் சும்மா இருந்துவிடலாம். யாரும் துருவ மாட்டார்கள்.

கென்ஸோ தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மேசைமேல்
கடிகாரம் வைக்கும் சத்தம்.
சாஹோ கரைப் பறவைகள்
எல்லாம் ஒரேசமயம்
என் நெஞ்சில் எழும்புகின்றன."

"ஆஹா, என்ன ஆசை பாருங்க! புருஷன் வீட்டுக்கு வந்து கடிகாரத்தக் கழட்டுறான், இவளுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. இப்படிப் பொண்டாட்டி அமையக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று அவரே விளக்கமும் சொன்னார்.

"உங்களுக்குந்தான் ஒருத்தர் இருக்காங்களே" என்று யாரோ சீண்டினார்கள்.

"இவளா? ஒழுங்கா சோறு வைக்கவே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். பேசாமல் இருந்தால் முழு உடம்போடு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அந்த வீட்டுக்கா? எழுந்து நின்றேன்.

"நான்தான் எழுதினேன். மிசாவோ."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து அந்த வரிகளை மறுபடி பார்த்தார். பிறகு வலது கை இடது மணிக்கட்டுக்குப் போனது. பழக்கதோஷம்தான், வேறென்ன. கடிகாரத்தைக் கழற்றிக் கவிதைக் கல்லின்மேல் வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த நொடி முஷ்டி என் வாயில் இறங்கியது. கல்லில் இடித்துக்கொண்டு விழுந்தேன். நாக்கில் உடைந்த பல்லும் ரத்தமும் புரண்டன.

மறுபடி ஓங்கிய கையைக் குழுத்தலைவி டோகோரோ அம்மா குறுக்கே வந்து பிடித்தார்.

"எழுதினவங்க பேரச் சொல்லிட்டாங்க. வாசிங்க கென்ஸோ சார்."

"இது குடும்ப விஷயம்."

"பேரோட வாசிங்க."

யாரும் எழுந்து போகவில்லை. அவர் காகிதத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடத்தில் ஒரு பட்டை அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.